அம்மாவின் முட்டிக்கு ரோஸ்ஹிப் தூளா, வேலியோரக் கொய்யாவா?

பீடோர் மகள்:
எங்க அம்மா இங்கே மலேசியாவுல ரப்பர் தோட்டத்துல 31 வருஷம் பால்மரம் வெட்டினவங்க. இருட்டுல நெத்தி விளக்கோட மேடும் பள்ளமும் ஏறி இறங்கின முட்டி, இப்போ வாசப்படி ஏறவே முடியல. லண்டன்ல இருக்கிற சின்னம்மா மகள் ரோஸ்ஹிப் தூள் ஒரு டப்பா அனுப்பினா. ரோஜா இதழ் உதிர்ந்த பிறகு காம்பு நுனியில திரளுதே சின்னச் சிவப்புப் பழம், அதைக் காயவெச்சு அரைச்சது. ரெண்டு வாரமா கொடுக்கிறேன். "நாப்பது ஆரஞ்சுச் சத்து இருக்காம்"னு குடும்ப வாட்சாப்ல போட்டேன். "வெள்ளைக்காரன் தூளுக்கு வீண் செலவு"ன்னு மாமா ஒரே சத்தம். கொடுக்கலாம்னுதான் நான் சொல்றேன். நீங்க சொல்லுங்க.

கொய்யாக்காரன்:
தங்கச்சி, மாமா பக்கம்தான் நான். நாப்பது ஆரஞ்சுங்கிற கணக்கே தப்பு. 100 கிராம் பச்சைக் காட்டு ரோஜாப்பழத்துல வைட்டமின் சி சுமார் 426 மில்லிகிராம், ஆரஞ்சுல 53. எட்டு மடங்குதான். நம்ம ஊர்க் கொய்யாவுல 228. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 75லேர்ந்து 90 போதும், அதுக்கு அரைக் கொய்யா காணும். கொய்யாவுக்குப் பேர்போன பீடோர்ல பிறந்துட்டு லண்டன் டப்பாவை எதிர்பார்க்கணுமா?

பீடோர் மகள்:
அண்ணே, கணக்குல தப்பு, ஒத்துக்கிறேன். ஆனா பழத்தையே வீண்னு தள்ளாதீங்க. இரண்டாம் உலகப் போர்ல ஜெர்மன் நீர்மூழ்கிகள் பிரிட்டனுக்கு வந்த கப்பலை மூழ்கடிச்சப்போ ஆரஞ்சு வரத்து நின்னுபோச்சு. 1941லேர்ந்து அந்த அரசாங்கமே பள்ளிப் பிள்ளைகளையும் பெண்களையும் வேலியோரம் அனுப்பி இந்தப் பழத்தைப் பறிக்கவெச்சு, சிரப் காய்ச்சிக் குழந்தைகளுக்குக் கொடுத்தது. சுவீடன்ல இன்னிக்கும் இதுல சூப் வெச்சுக் குடிக்கிறாங்க.

கொய்யாக்காரன்:
அதைத்தான் நானும் சொல்றேன். அவங்களுக்கு ஆரஞ்சு இல்லாததால வேலியில இருந்ததைப் பறிச்சாங்க. கைக்கெட்டினதைச் சாப்பிட்டாங்க. நம்ம கைக்கெட்டுறது கொய்யா.

பணிஓய்வு தாதி:
ரெண்டு பேரும் ரெண்டு விஷயத்தைப் போட்டுக் குழப்புறீங்க. வைட்டமின் சி-க்குன்னா தம்பி சொல்றது சரி, கொய்யாவே போதும். வெயிலும் சூடும் அந்தச் சத்தை அழிக்கும், டப்பாவுல எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு யார் கண்டா?

முட்டி வலி வேற கணக்கு. தேய்மான வாதத்துக்கு இந்தத் தூளைக் கொடுத்துப் பார்த்த 3 சோதனைகளை 2008ல சேர்த்து அலசினாங்க. மொத்தம் 287 பேர், சுமார் 3 மாசம். மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவங்களைவிட ரோஸ்ஹிப் எடுத்தவங்களுக்கு வலி கொஞ்சம் குறைஞ்சிருந்தது. கொஞ்சம்தான். 3 சோதனைக்கும் துணை நின்னது தூள் தயாரிச்ச நிறுவனம், அதையும் மனசுல வெச்சுக்கணும். தேய்ஞ்ச முட்டி வளர்ந்ததா எங்கேயும் இல்ல.

மகளே, அம்மாவுக்கு இனிப்பு நீர் இருக்கா? இரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிடுறாங்களா? சிறுநீரகக் கல் வந்திருக்கா?

பீடோர் மகள்:
இனிப்பு நீர் இருக்கு அக்கா. மத்தது இல்ல.

தானா ராத்தா தம்பி:
அக்கா, டப்பாவே வேணாம். நான் கேமரன் மலையில பூத்தோட்டத்துல வேலை செய்றேன். வெட்டாம விட்ட ரோஜாச் செடியில பழம் தொங்குது. தீபாவளிக்கு இறங்கும்போது ஒரு பை கொண்டாந்து தர்றேன், அவிச்சுக் குடிக்கட்டும்.

பணிஓய்வு தாதி:
வேண்டாம் தம்பி, உன் நல்ல மனசு புரியுது. விற்பனைப் பூவுக்கு அடிக்கிற மருந்து வாயில போடுற பழத்துக்குன்னு அளந்து அடிக்கிறது இல்ல. மருந்தே படாத வீட்டுச் செடின்னா மட்டும் பறி. அப்பவும் இரண்டா கீறி விதையையும் உள்ளே இருக்கிற மெல்லிய முடியையும் சுரண்டி எடுக்கணும். அந்த முடி தொண்டையிலயும் குடல்லயும் அரிக்கும். பிரிட்டன்ல பிள்ளைகள் ஒருத்தர் முதுகுல ஒருத்தர் போட்டு விளையாடுற அரிப்புப் பொடியே அதுதான். சுத்தம் பண்ணின தோலைக் காயவெச்சு, ஒரு தேக்கரண்டியைக் கொதிச்ச தண்ணியில மூடிவெச்சுப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, மல் துணியை ரெண்டா மடிச்சு வடிகட்டணும்.

சிரப் வேண்டாம். அதுல பாதி சீனி, உங்க அம்மாவுக்கு ஆகாது.

தானா ராத்தா தம்பி:
முடி விஷயம் தெரியாது அக்கா. நல்லவேளை, கொடுக்கலை. சூப்பர்மார்க்கெட்ல ரோஸ்ஹிப் டீப்பை இருக்கே, செக்கச்செவேல்னு புளிப்பா? அது பரவாயில்லையா?

கொய்யாக்காரன்:
பெட்டியைத் திருப்பிப் படி தம்பி. பல பெட்டியில ரோசெல், அதான் செம்பருத்தி இனத்துப் புளிப்புச் சிவப்புப் பூ, கலந்திருக்கும், அந்தச் சிவப்பும் புளிப்பும் பெரும்பாலும் அதோடது. பேர் ரோஸ்ஹிப்புக்கு, நிறம் ரோசெல்லுக்கு. ரோசெல்லை நம்ம நாட்டுலேயே பயிர் பண்றாங்க.

பீடோர் மகள்:
லண்டன் சின்னம்மா மகள் அதே ரோஸ்ஹிப்ல எண்ணெயும் அனுப்பியிருக்கா, முகத்துக்காம். அதுலயும் வைட்டமின் சி இருக்குன்னா.

பணிஓய்வு தாதி:
விதையைப் பிழிஞ்ச எண்ணெய் அது. சி தண்ணியில கரையுற சத்து, எண்ணெயில இருக்காது. வறண்ட தோலுக்குப் பூசலாம், தப்பில்ல.

தூளைப் பத்தி என் முடிவு இது. அந்தச் சோதனைகள்ல கொடுத்த அளவு ஒரு நாளைக்கு 5 கிராம். அதுக்கு மேல போகாதீங்க. அடுத்த தடவை கிளினிக்குக்கு டப்பாவையே கையில கொண்டுபோய் டாக்டர்கிட்ட காட்டுங்க. மருந்து மாத்திரை எதையும் நிறுத்த வேண்டாம்.

கொய்யாக்காரன்:
டப்பா முடிஞ்சா மறுபடி வாங்காதே தங்கச்சி, அந்தக் காசை அம்மா முட்டிக்கு நல்ல காலணி வாங்க வை. இதுல நான் மாறமாட்டேன்.

பீடோர் மகள்:
காலணி நாளைக்கே வாங்குறேன் அண்ணே. தூளை 3 மாசம் பார்த்துட்டு முடிவு பண்றேன், அதுல நானும் மாறலை. காலண்டர்ல இன்னிக்குத் தேதியில குறிச்சாச்சு: அம்மா படி ஏறினது, ரெண்டு கையும் பிடிச்சு.