நாலரை அடி லேத்: எச்.எம்.டி.ங்கறாங்க, நம்பலாமா?

திருப்பூர்_பட்டறை:
அண்ணன்களே, முதல் லேத் (கடைசல் மெஷின்) வாங்கப் போறேன். நிட்டிங் மெஷினுக்கு புஷ், ஷாஃப்ட்னு சின்ன வேலைங்கதான். பார்த்த மெஷின் நாலரை அடி பெட்டு (அடியில இருக்கற தண்டவாளம்), பச்சைப் பெயிண்ட் இன்னும் கையில ஒட்டுது. புரோக்கர் "எச்.எம்.டி. என்எச்22"ங்கறார், அரசு கம்பெனி எச்.எம்.டி.யோட மாடல். நேம் பிளேட் இல்லை. ஹெட்ஸ்டாக் (வேலையைச் சுத்துற இடது பக்கப் பெட்டி) மூடியைத் திறந்தா மூணு படிப் புல்லி, பட்டை பெல்ட்.

ஆவாரம்பாளையம்_டர்னர்:
என்எச்22 ஆல் கியர் மெஷினுங்க தம்பி. லீவரைத் திருப்பித்தான் ஸ்பீடு மாத்தணும். படிப் புல்லியில பெல்ட் மாத்துற மெஷின் அதுவா இருக்க வழியே இல்லை. அந்த 22ங்கறது சென்டர் உயரம், 220 மி.மீ. பெட்டுல இருந்து டெயில்ஸ்டாக் (வலது கடைசியில வேலையைத் தாங்குற பகுதி) சென்டர் முனைக்கு ஸ்கேல் வெச்சுப் பாருங்க, சாயம் அங்கேயே வெளுத்துரும். பஞ்சாப்ல பட்டாலா, குஜராத்ல ராஜ்கோட் பக்கத்து மெஷினா இருக்கலாம்.

அதுக்காக வேண்டாம்னு சொல்லலைங்க. பெட்டு நல்லா இருந்தா புஷ் கடையறதுக்குத் தாராளமாப் போதும், எச்.எம்.டி. விலை மட்டும் குடுக்காதீங்க. பெட்டு சக்குக்கு (வேலையைக் கவ்விப் பிடிக்கற தலைக்கு) பக்கத்துலதான் தேயும், டெயில்ஸ்டாக் கடைசி அப்படியே கிடக்கும். கேரேஜை (பெட்டு மேல டூலைத் தூக்கிட்டு ஓடுற பகுதியை) சக் கிட்ட கொண்டு வந்து லாக்கை லேசா இறுக்கி, கடைசி வரைக்கும் ஓட்டுங்க. போகப் போக இறுகுதுன்னா சக் பக்கம் தேய்ஞ்சிருக்கு.

அப்புறம் ஒரு இஞ்ச் ராடை சக்குல பிடிச்சு, டெயில்ஸ்டாக் குடுக்காம நாலு இஞ்ச் நீளத்துக்கு மெல்லிசா ஒரு கட் எடுக்கச் சொல்லி, ரெண்டு முனையிலும் மைக்ரோமீட்டர் வைங்க. 0.02 மி.மீ. வித்தியாசத்துக்குள்ள நின்னா யோசிக்காதீங்க. ஓட்டிக் காட்ட மாட்டேன்னா, டீயைக் குடிச்சிட்டுக் கிளம்பிருங்க.

வயரிங்_தம்பி:
வீட்டு லைன்லயா ஓட்டப் போறீங்க? மோட்டார் மூணு ஃபேஸ்னா வி.எஃப்.டி. (ஒரு ஃபேஸ் லைன்ல மூணு ஃபேஸ் மோட்டாரை ஓட்டற கருவி) செலவையும் கணக்குல வைங்க. டெல்டா கனெக்ஷன்ல 230 வோல்ட்டுக்கு மாத்த முடியுமான்னு மோட்டார் பிளேட்டைப் பார்த்துக்கங்க.

திருப்பூர்_பட்டறை:
போய்ப் பார்த்தேன். சென்டர் உயரம் 165தான்! கட் எடுத்து அளந்ததுல வித்தியாசம் 0.03 மி.மீ., நீங்க சொன்னதை விடக் கொஞ்சம் கூட, ஆனாலும் பரவாயில்லை. லீட் ஸ்க்ரூல (மரை வெட்டறப்போ கேரேஜை நகர்த்துற நீள ஸ்க்ரூல) பத்து புரி அளந்தா 63.5 மி.மீ. வருது, அது ஏதாவது தப்பா?

ஆவாரம்பாளையம்_டர்னர்:
தப்பில்லைங்க, இஞ்ச் மெஷின். இஞ்சுக்கு நாலு புரி. 6 மி.மீ. பிட்ச் ஸ்க்ரூவா இருந்தா 60 வந்திருக்கும். இதுல மி.மீ. மரை சரியா வெட்டணும்னா 127 பல் கியர் வேணும். மெஷினோட குடுக்கற சேஞ்ச் கியர்ல (மரைக்குத் தகுந்த மாதிரி மாத்திப் போடற கியருங்க) அது இருக்கான்னு எண்ணிப் பாருங்க. இல்லைன்னா அதையும் சொல்லி விலையைக் குறைங்க.