பத்து வயது மகன் பீபீ துவக்கு கேட்கிறான், கொடுக்கலாமா?

கொக்குவில் தாய்:

மகனுக்கு ஆவணியில் பத்து வயது முடிகிறது. ரொறன்ரோவில் இருக்கும் என் அண்ணை நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறார். மருமகனுக்கு என்ன கொண்டுவர என்று வட்சப்பில் கேட்டார். இவன் யோசிக்கவே இல்லை, "பீபீ துவக்கு" என்றான். காற்றால் சின்ன உருண்டைகளைச் சுடுகிற துவக்கு அது. அண்ணையின் மகன் கோலா ரின்களை வரிசையாக அடுக்கிச் சுடும் வீடியோவை நூறு தரம் பார்த்திருப்பான். "பெட்டியில் பத்து வயதுக்கு மேல் என்றுதான் போட்டிருக்கு, தங்கச்சி" என்கிறார் அண்ணை.

என் கணவருக்கும் சம்மதம் போலத்தான் தெரிகிறது. அம்மா மட்டும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் திருவிழாக் கடையில் வாங்கிய பிளாஸ்டிக் துவக்கோடு இவன் குசினி வாசலில் நின்று "கையைத் தூக்கு" என்றபோது, அம்மா உண்மையாகவே கையைத் தூக்கிவிட்டார். பிறகு சிரித்தார். ஆனால் கையில் இருந்த அகப்பையிலிருந்து சொதி முழங்கைவரை வழிந்ததை நான் பார்த்தேன். அன்றிரவே அந்தத் துவக்கு அலுமாரிக்கு மேல் போய்விட்டது.

மகன் கெட்டவன் இல்லை. ஒன்றைச் சொன்னால் இரண்டாம் தரம்தான் கேட்பான், அவ்வளவுதான். போன கிழமை பந்தடித்துப் பக்கத்து வீட்டுக் கோடியில் கூரை ஓடொன்றை உடைத்தான். அவர்கள் வந்து சொன்ன பிறகுதான் எனக்கே தெரியும். எங்கள் காணி இரண்டரைப் பரப்பு, நாலு பக்கமும் மதில், பின்னால் கோழிக்கூடு. எந்த வயதில் கொடுக்கலாம்? வயதை விட்டால் வேறு எதைப் பார்ப்பது?

இணுவிலான்:

என்ன அக்கா, 2009 வரைக்கும் பார்த்தது காணாதா? கிரிக்கெட் மட்டை வாங்கிக் கொடுங்கோ.

ஸ்காபரோ அப்பா:

இணுவிலான் தம்பியின் கோபம் விளங்குது. என்றாலும் அக்கா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே. நான் மகளுக்கு 12 வயதில் கொடுத்தேன். மகனுக்கு 14 ஆகியும் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் ஓயாத வழக்கு அதுதான்.

பெட்டியில் 10 என்று இருக்கலாம். டெய்சி கொம்பனியின் ரெட் ரைடர் மாதிரி, நொடிக்கு 350 அடி வேகத்துக்கு மேல் போகாத துவக்குகளுக்குப் போடுகிற வயது அது. அதுவும் பெரிய ஆள் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். 350 அடியைத் தாண்டுகிற துவக்கை 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களிடம் கொடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணைக்குழு சொல்கிறது. பீபீ பட்டு ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். எனவே எந்தத் துவக்கு என்று முதலில் அண்ணையிடம் கேளுங்கோ.

அடுத்தது மதில். பீபீ சன்னம் என்பது 4.5 மில்லிமீற்றர் உருக்கு உருண்டை. ஈயம் என்றால் பட்ட இடத்தில் நசியும். உருக்கு நசியாது, வந்த வழியே திரும்பும். முதல் நாள் நான் புத்தியில்லாமல் சீமெந்துத் தூணுக்கு முன்னால் ரின்னை வைத்தேன். என் கண்ணாடி ஓரத்தில் "டிக்" என்று ஒரு சத்தம். நல்ல காலம், அது பொலிகாபனேற் பாதுகாப்புக் கண்ணாடி. வாசிக்கப் போடுகிற மூக்குக்கண்ணாடியை நம்ப ஏலாது. அதற்குப் பிறகு பழைய பேப்பர் அடைத்த காட்போட் பெட்டிக்குத்தான் சுடுகிறோம். குறி தவறி மதிலுக்கு மேலால் போனால் 180 மீற்றர் வரை போகும். உங்கள் இரண்டரைப் பரப்பு ஒரு பக்கம் ஏறக்குறைய 25 மீற்றர்தான் வரும். அந்த அளவு வளவு என்றால் ஏழைத் தாண்டும், யார் முற்றத்தில் விழுமோ!

பிள்ளைகளை நான் எப்படிப் பார்த்தேன் என்றால், சன்னம் போடாத துவக்கைக் கையில் கொடுத்தேன். மகள் வாங்கியதும் வாயை நிலத்துப் பக்கம் திருப்பினாள். மகன் வாங்கியதும் "அக்கா, இங்க பார்" என்று திரும்பினான். துவக்கும் அவனோடு சேர்ந்து திரும்பியது. திரும்ப வாங்கி வைத்துவிட்டேன்.

சாவகச்சேரிக் கிழவன்:

பிள்ளை, எனக்கு ஏழு வயதில் அப்பு கெற்றப்போல் கட்டித் தந்தார். கொய்யாக் கவர், பழைய சைக்கிள் ரியூப். மூன்றாம் நாளே பக்கத்து ஆச்சியின் மண்குடம் போய்விட்டது. ஒருவரும் காணவில்லை. நானே போய்ச் சொன்னேன், ஆச்சி தும்புத்தடியோடு கலைத்தா. அப்பு கெற்றப்போலை வாங்கி வளையில் செருகி வைத்து, ஒரு மாதம் கழித்துத் திரும்பத் தந்தார். "நீ சொன்னபடியால் தாறன்" என்றார். உங்கள் மகன் ஓட்டை உடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். பத்தோ பன்னிரண்டோ, எனக்கு அதுதான் கணக்கு.

மற்றது, அண்ணை விளையாட்டுச் சாமான் என்று பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்து கட்டுநாயக்காவில் முழிக்க வேண்டாம். காற்றால் சுட்டாலும் துவக்கு துவக்குத்தான். சுங்கத்திடமும் பொலிசிடமும் முதலே கேட்கட்டும். ஒழுங்கையால் போகிறவன் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தால் பொய்த் துவக்கா மெய்த் துவக்கா என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கொக்குவில் தாய்:

அண்ணையிடம் கேட்டேன். 10 என்று இருந்தது அவருடைய மகனின் பழைய துவக்குப் பெட்டியிலாம். இவனுக்கென்று வாங்கி வைத்ததை இப்போதுதான் திருப்பிப் பார்த்திருக்கிறார். நொடிக்கு 495 அடி, 16 வயது! அது அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

மகன் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கணவர் கொய்யாக் கவர் வெட்டிக் கெற்றப்போல் கட்டிக் கொடுத்தார். கல் கூடாது, குரும்பட்டி மட்டும். அம்மாவும் கதிரையைப் போட்டுக்கொண்டு பின் விறாந்தையில் இருக்கிறார்.

நேற்றுப் பின்னேரம் ஐந்து பால்மா ரின் வைத்து இரண்டை விழுத்தினான். தொடங்க முன்னம் கோழிகளைக் கூட்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்தான். நான் சொல்லவில்லை. அந்த ஓட்டைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்கவில்லை.