ஜாக் பிளாண்ட்: ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர்களுக்கு முகக்கவசம் வர 1959 வரை ஏன் ஆயிற்று?

கேள்வி – வடதிசை

வணக்கம். ஐஸ் ஹாக்கியின் பழைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு விளங்காத ஒன்று உண்டு. 1950களின் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மையான தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்) கோல்கீப்பர்கள் கால்களில் தடித்த தோல் பட்டைகளும் கைகளில் பெரிய உறைகளும் அணிந்திருக்கிறார்கள். முகம் மட்டும் திறந்தே இருக்கிறது. அவர்களை நோக்கிப் பாய்ந்து வரும் ‘பக்’ என்பதோ 156 முதல் 170 கிராம் வரை எடையுள்ள கெட்டி ரப்பர் வில்லை. பேஸ்பாலில் பந்து பிடிப்பவர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கம்பி முகமூடி அணியத் தொடங்கிவிட்டதால், அப்படியொரு கருவியை எவரும் அறியவில்லை என்று சொல்லவும் வழியில்லை. மாண்ட்ரியல் கனேடியன்ஸ் அணியின் ஜாக் பிளாண்ட் 1959இல் துணிந்து அணிந்தார், அதன்பின் வழக்கம் மாறியது என்றே பொதுவாக எழுதுகிறார்கள். துணிவு ஒன்றே காரணமா? முன்னிருந்தவர்களுக்கு அது ஏன் இயலவில்லை? அவருடைய ஆட்ட வாழ்க்கையை அறிந்தவர்கள் விளக்கினால் மகிழ்வேன்.

பதில் – நீலக்கோடு

துணிவும் உண்டு, ஆனால் முதற்காரணம் வேலை பறிபோகும் என்ற அச்சமே என்பது என் கருத்து. 1942 முதல் 1967 வரை என்.எச்.எல்.லில் இருந்தவை ஆறே அணிகள். ஒவ்வோர் அணியும் வழக்கமாக ஒரே கோல்கீப்பரைக் கொண்டே பருவத்தை ஓட்டியது. அதாவது இத்தொழிலின் உச்சியில் இருந்த இடங்கள் ஆறு மட்டுமே. அவற்றில் ஒன்று காலியாகாதா என்று கீழ்நிலை லீகுகளில் காத்துக்கிடந்தவர்களோ ஏராளம். முகக்கவசம் கேட்பவர் பக்கைக் கண்டு அஞ்சுகிறார் என்ற பேச்சு ஒருமுறை எழுந்துவிட்டால், அடுத்த பருவத்தில் அவருடைய வலைக்கு முன் வேறொருவர் நிற்பார் என்பதை அனைவரும் அறிந்திருந்தனர்.

பயிற்சியாளர்கள் சொன்ன மறுப்பையும் முழுச் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. காலடியில் கிடக்கும் பக் கவசத்தின் விளிம்பால் மறைந்துவிடும் என்று அவர்கள் அஞ்சினர். 1930இல் மாண்ட்ரியல் மரூன்ஸ் அணியின் கிளின்ட் பெனடிக்ட், ஹோவி மோரென்ஸ் அடித்த பக்கால் முகத்தில் காயமுற்ற பின், தோலால் செய்த கவசத்தை அணிந்து சில ஆட்டங்கள் ஆடினார். பார்வை மறைகிறது என்று அவரே அதைக் கழற்றி எறிந்தார். பிளாண்டுக்கு அமைந்தது வேறு வகை. ஃபைபர்கிளாஸ் நிறுவனமொன்றில் பணியாற்றிய பில் பர்ச்மோர் என்பவர் அவருடைய முகத்தை அச்செடுத்து, தோலோடு ஒட்டியிருக்கும் வகையில் மெல்லிய கவசம் ஒன்றைச் செய்து தந்தார். பயிற்சியின்போது அதை அணியப் பயிற்சியாளர் டோ பிளேக் இசைந்தார். ஆட்டத்தில் அணிய மட்டும் இசையவில்லை.

1959 நவம்பர் 1 அன்று நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில், ரேஞ்சர்ஸ் வீரர் ஆண்டி பாத்கேட் அடித்த பக் பிளாண்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்ட பிளாண்ட், கவசம் இல்லாமல் பனித்தளத்துக்குத் திரும்ப முடியாது என்று கூறிவிட்டார். பிளேக்கிடம் இரண்டாவது கோல்கீப்பர் இல்லை; அக்கால வழக்கப்படி உள்ளூர் அணி அவசரத் தேவைக்கென ஏற்பாடு செய்து வைத்திருக்கும் ஒருவரைத்தான் இரவல் வாங்க வேண்டும், அவரோ பெரும்பாலும் தொழில்முறை ஆட்டக்காரராகவே இருக்கமாட்டார். என்.எச்.எல்.லின் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையைத் தொடர்ந்து நான்கு ஆண்டுகள் வென்ற அணிக்கு அது தாங்கக்கூடிய மாற்றன்று. மற்றவர்களை வாய்மூட வைத்த, அணிக்கு ஒரே கோல்கீப்பர் என்ற அதே வழக்கம் அன்றிரவு பிளாண்டுக்குப் பேரம்பேசும் வலுவாக மாறியது. இதே கோரிக்கையைப் பயிற்சி முகாமில், மாற்று ஆள் பக்கத்திலேயே நிற்கும்போது வைத்திருந்தால், பிளேக் கேட்டிருப்பாரா என்பது ஐயமே. மாண்ட்ரியல் 3-1 என்று வென்றது.

காயம் ஆறும்வரைதான் என்று பிளேக் நினைத்தார். அணி தொடர்ந்து வென்றதால் எதிர்த்துப் பேச இடமில்லாமல் போயிற்று. 1960 மார்ச்சில் அவருடைய வற்புறுத்தலால் டெட்ராய்ட்டுக்கு எதிராக ஓர் ஆட்டத்தைக் கவசமின்றி ஆடிய பிளாண்ட் 3-0 என்று தோற்றார்; அடுத்த ஆட்டத்தில் கவசம் மீண்டும் ஏறிவிட்டது. அவ்வாண்டின் பிளேஆஃப் சுற்றில் எட்டு ஆட்டங்களில் எட்டையும் வென்று மாண்ட்ரியல் ஐந்தாவது கோப்பையைத் தொடர்ச்சியாகப் பெற்றது.

பதில் – பழைய வலை

நீலக்கோடு சொல்வதை ஏற்கிறேன். ஆனால் அந்த வலு எல்லாக் கோல்கீப்பர்களுக்கும் இருந்ததே. ஆட்டத்தின் நடுவே காயமுற்ற எவரும் அப்படி மறுத்திருக்கலாம். பிளாண்ட் மறுத்ததற்கு அவருடைய இயல்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

1929இல் குவெபெக் மாகாணத்தில் பிறந்து ஷாவினிகனில் வளர்ந்த அவர், பதினொரு பிள்ளைகள் கொண்ட எளிய குடும்பத்தின் மூத்த மகன். ஆஸ்துமாவின் காரணமாக நெடுநேரம் சறுக்கியோட இயலாததாலேயே வலைக்கு முன் நிற்க வந்தார். குடும்பத்துக்காகப் பின்னக் கற்றுக்கொண்டவர், கம்பளிக் குல்லாய்களைத் தாமே பின்னி அணிந்தார். தொடக்க காலத்தில் அந்தக் குல்லாயோடு என்.எச்.எல். ஆட்டத்தில் இறங்கக் கூடாது என்று அப்போதைய பயிற்சியாளர் டிக் இர்வின் தடுத்தார். ஆக, தலையில் எதை அணிவது என்பதற்காகப் பயிற்சியாளரோடு அவர் மோதியது 1959இல்தான் முதன்முறை என்று எண்ண வேண்டாம்.

தனிப்போக்கு உள்ளவர், தம் உடலைப் பற்றி மிகையாகக் கவலைப்படுபவர், அணித்தோழர்களோடு அதிகம் ஒட்டாதவர் என்றெல்லாம் அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. பிளேக்குக்கும் அவருக்கும் இடையே கசப்பு வளர்ந்துகொண்டே போனது. 1962இல் லீகின் சிறந்த ஆட்டக்காரருக்கான ஹார்ட் கோப்பையைப் பெற்றவரை, அடுத்த ஆண்டிலேயே மாண்ட்ரியல் நியூயார்க்குக்குக் கைமாற்றிவிட்டது. பதிலுக்கு வந்தவர்களுள் ஒருவர் கவசத்தைக் கடுமையாக வெறுத்த கோல்கீப்பர் கம்ப் வோர்ஸ்லி. அந்த ஹார்ட் கோப்பையை அதன்பின் ஒரு கோல்கீப்பர் பெறுவதற்கு 1997இல் டொமினிக் ஹாஷெக் வர வேண்டியிருந்தது.

இன்னொன்றையும் கவனத்தில் கொள்ளுங்கள். கோல்கீப்பர்களுக்கான வெசினா கோப்பையைப் பிளாண்ட் ஏழு முறை பெற்றார் என்ற எண்ணிக்கையை இன்றைய அளவுகோலால் பார்க்கக் கூடாது. 1981 வரை அது வாக்கெடுப்பால் வழங்கப்படவில்லை. மிகக் குறைவாக கோல் விட்ட அணியின் கோல்கீப்பருக்கே சென்றது. டக் ஹார்வி போன்ற தடுப்பாட்டக்காரர் முன்னால் நின்றது அவருக்குப் பெரிய துணை.

வடதிசை

இருவருக்கும் நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. அவர் அணிந்ததும் மற்றவர்களும் உடனே பின்பற்றினார்களா? நியூயார்க்குக்குச் சென்றபின் அவருடைய ஆட்டம் முடிந்துவிட்டதா?

பதில் – நீலக்கோடு

உடனே இல்லை. டெட்ராய்ட்டின் டெர்ரி சாவ்சக் 1962இல் அணிந்தார். அதற்குள் அவர் முகத்தில் நூற்றுக்கணக்கான தையல்கள். கவசமின்றித் தொடர்ச்சியாக 502 ஆட்டங்களை முழுமையாக ஆடிய சிகாகோவின் கிளென் ஹால், அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே மாறினார். வோர்ஸ்லி தம் கடைசி ஆட்டங்கள் வரை பிடிவாதமாக இருந்தார். என்.எச்.எல்.லில் வெறும் முகத்தோடு கடைசியாக ஆடியவர் பிட்ஸ்பர்கின் ஆண்டி பிரவுன், 1974இல். என் வாதத்துக்கு இதுவும் இடம் தருகிறது: 1960களின் நடுப்பகுதியில் ஒவ்வோர் அணியும் இரண்டு கோல்கீப்பர்களை ஆயத்தமாக வைக்க வேண்டும் என்ற விதி வந்தது, 1967இல் அணிகள் பன்னிரண்டாயின, வேலை பெருகிய பிறகே கவசம் பொதுவழக்கானது.

பதில் – பழைய வலை

இரண்டாவது ஐயத்துக்கு: 1965இல் ஓய்வு பெற்றவர், 1968இல் புதிய அணியான செயின்ட் லூயிஸ் புளூஸுக்காகத் திரும்பி வந்து, ஹாலோடு பணியைப் பகிர்ந்துகொண்டு ஏழாவது வெசினாவைப் பெற்றார். 1970 இறுதிச் சுற்றில் பாஸ்டன் வீரரின் அடி ஒன்று திசை திரும்பி அவருடைய கவசத்தை உடைத்து, அவரை நினைவிழக்கச் செய்தது. கவசம் இல்லையென்றால் உயிர் போயிருக்கும் என்று பின்னர் அவரே கூறினார். அடுத்த பருவத்தில், 42ஆம் வயதில், டொராண்டோவுக்காக ஆட்டத்துக்குச் சராசரி 1.88 கோல் மட்டுமே விட்டார். 1972இல் சோவியத் அணி மாண்ட்ரியலில் கனடாவை எதிர்கொள்ளும் முன், இளம் கோல்கீப்பர் திரெத்தியாக்கைத் தேடிச் சென்று, கனடிய வீரர்கள் எப்படி அடிப்பார்கள் என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக விளக்கினார். சோவியத் அணி 7-3 என்று வென்றது. பாஸ்டனிலும் பின்னர் எட்மண்டனிலும் ஆடி, 1975இல் விலகினார். 1986இல் ஜெனீவாவில் வயிற்றுப் புற்றுநோயால் காலமானார்.

கவசத்தைவிட அவருடைய பெரிய கொடை, வலையை விட்டு வெளியேறி, பின்பக்கம் சென்று பக்கை நிறுத்தித் தம் தடுப்பாட்டக்காரருக்குத் தள்ளிக் கொடுத்த முறை என்று நான் நினைக்கிறேன். அது அவருக்குப் பின் வந்தவர்களிடம், குறிப்பாக நியூஜெர்சியின் மார்ட்டின் புரோடரிடம், எவ்வளவு தேர்ச்சி பெற்றதென்றால், வலைக்குப் பின்னால் ஒரு சரிவகத்தை வரைந்து, கோல் கோட்டுக்குப் பின்புறம் அதற்கு வெளியே கோல்கீப்பர் பக்கைத் தொடக் கூடாது என்று 2005இல் என்.எச்.எல். விதியே இயற்ற வேண்டியதாயிற்று.