ஃபவுண்டேஷன் ஆண்டு மெக்கானிக்ஸில் சிக்கி நிற்கிறேன், வழி சொல்லுங்கள்

பொறியியல் பட்டப்படிப்புக்கு முந்தைய ஃபவுண்டேஷன் ஆண்டில் படிக்கிறேன். 14 வாரம் முடிந்துவிட்டது, தேர்வுக்கு இன்னும் 6 வாரம். மெக்கானிக்ஸில் தேறினால்தான் முதலாண்டுக்குள் போக முடியும்.

கணக்குப் பாடம் பிரச்சினை இல்லை. வகையிடல், தொகையிடல், வெக்டர் எல்லாம் வருகிறது. சமன்பாட்டைக் கொடுத்தால் தீர்த்துவிடுவேன். கேள்வியைப் படித்து நானே சமன்பாடு எழுதவேண்டிய இடத்தில்தான் தடுமாற்றம். போன வாரம் வந்த கணக்கு இது: வழவழப்பான மேசைமேல் 3 கிலோ கட்டை, கப்பி வழியாகக் கயிற்றில் தொங்கும் 2 கிலோ எடை. இழுவிசையைத் தொங்கும் எடைக்குச் சமம் என்று வைத்து 19.6 நியூட்டன் என்று எழுதினேன். சரியான விடை 11.76. எடை முடுக்கத்தோடு கீழே இறங்கும்போது இரண்டும் சமமாக இருக்காது என்பது விடையைப் பார்த்தபிறகுதான் உறைத்தது. சாய்தளக் கணக்கிலும் இதே கதை, உராய்வின் திசையை மாற்றிப் போட்டுவிடுகிறேன்.

பழைய வினாத்தாள்கள் 5 போட்டுப் பார்த்தேன். வீடியோ பார்க்கும்போது எல்லாம் புரிகிறது, அப்புறம் வெற்றுத்தாளை எடுத்தால் கை ஓடவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக விசைப்படம் (அதன்மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறிகளால் காட்டும் படம்) வரையச் சொன்னார் ஆசிரியர். வரைகிறேன், ஆனால் ஏதாவது ஒரு விசை விட்டுப்போகிறது, இல்லையென்றால் இல்லாத ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன்.

இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்தவர்கள் சொல்லுங்கள்: ஒரு விசையும் விட்டுப்போகாமல் படம் வரைய நீங்கள் எந்த வரிசையில் யோசிக்கிறீர்கள்?