எப்சிலான் வலைக்கு மடக்கை வேண்டுமா, வேண்டாமா?

புள்ளிமான்: பெரும் புள்ளித் தொகுப்பில் எப்சிலான் என்ற சிறு பங்கையாவது அடக்கும் வடிவம் எதுவும் தப்பாதபடி எடுக்கும் மாதிரிதான் எப்சிலான் வலை. அதற்கு எப்சிலானின் தலைகீழ் அளவுக்குப் புள்ளிகள் இருந்தால் போதும், மடக்கைக் காரணி பழைய நிரூபணத்தின் சோம்பல் என்று வரைகோல் நேற்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார். ஹவுஸ்லரும் வெல்ஸ்லும் 1987இல் தந்த வரம்பில் அது அலங்காரத்துக்காக இல்லை. எப்சிலான் 0.01 எனக் கொண்டு நூறு புள்ளிகளைச் சமவாய்ப்பாக எடுத்தால், நூற்றில் ஒரு பங்கு கொண்ட செவ்வகம் ஒன்று தப்பும் வாய்ப்பு 0.99இன் நூறாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 37 விழுக்காடு. 460 எடுத்தால்தான் அது ஒரு விழுக்காட்டுக்கு இறங்கும், அந்த 4.6 மடங்குதான் நூறின் இயல் மடக்கை. மூன்றில் ஒரு மீனைத் தப்பவிடுவதற்கு வலை என்றா பெயர்?

வரைகோல்: சமவாய்ப்பாக எடுக்கச் சொன்னது யார்? ஒரு கோட்டில் பத்தாயிரம் புள்ளிகளை வரிசைப்படுத்தி ஒவ்வொரு நூறாவது புள்ளியையும் பொறுக்கினால், நூறு புள்ளிகள் கொண்ட எந்த இடைவெளியும் தப்பாது. அரைத்தளங்களுக்கும் வட்டுகளுக்கும் மடக்கை வேண்டாம் என்று மத்தோஷெக், சைடல், வெல்ஸ்ல் ஆகியோர் 1990இலேயே காட்டினார்கள். தாங்கள் துணைக்கு அழைத்த அதே வெல்ஸ்ல்தான்.

புள்ளிமான்: எளிய இடமாகப் பார்த்து ஒதுங்குகிறீர்கள். வாப்னிக்–செர்வோனென்கிஸ் பரிமாணம், அதாவது வடிவக் குடும்பம் எவ்வளவு சிக்கலானது என்ற அளவு, கட்டுக்குள் இருக்கும் பொதுக் குடும்பங்களுக்கு மடக்கையைத் தவிர்க்க முடியாது என்று கோம்லோஷ், பாக், வோகிங்கர் 1992இல் நிறுவினார்கள். தளத்தில் அச்சுகளுக்கு இணையான செவ்வகங்களுக்கு ஆரோனோவ், எஸ்ரா, ஷரீர் மூவரும் அதை மடக்கையின் மடக்கையாகக் குறைத்தார்கள். அதற்கும் கீழே போக வழியில்லை என்று பாக்கும் டார்டோஷும் கதவைச் சாத்திவிட்டார்கள். ஆக, மடக்கை இருக்கிறது.

குறுக்குவெட்டு: கொடுத்த பகுதிக்குள் விழும் புள்ளிகளைத் தேடும் என் வீச்சுத் தேடலுக்கு வேண்டியது செவ்வகத்துக்குள் எத்தனை புள்ளிகள் என்ற மதிப்பீடு. வலை அதைத் தராது, ஒவ்வொரு வடிவத்தின் பங்கையும் எப்சிலான் பிழைக்குள் காட்டும் மாதிரியான எப்சிலான் தோராயம்தான் தரும், அதன் அளவோ எப்சிலானின் இருபடிக்குத் தலைகீழாக வளரும். எதை வலை என்கிறோம் என்று முதலில் வரையறுத்துக்கொள்ளலாமே? மேலும், ‘லாக்’ என்றே எழுதினால் என்ன?

புள்ளிமான்: தமிழ்ப் பாடநூலில் படித்த எவருக்கும் மடக்கை புரியும். தோராயத்துக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே கேள்வி மடக்கை பற்றியது மட்டும்.

வரைகோல்: மடக்கையின் மடக்கை மடக்கை ஆகாது. புள்ளிகளைப் பாதி பாதியாகப் பிரித்து அடுக்கும் கேடி மரத்தில் செவ்வகத் தேடலின் மோசமான நிலையை மடக்கை நேரம் என்று தாங்கள் எழுதியபோது, அது வர்க்கமூலம் என்று திருத்தியவன் நான். அன்றைக்கு ஒரு நன்றிகூட வரவில்லை.

புள்ளிமான்: அன்று நான் எழுதியது வீச்சு மரம் என்ற வேறொரு கட்டமைப்பைப் பற்றி, வாசிக்காமல் திருத்தியதற்கு நன்றி எதற்கு? பேரன் தாத்தாவைவிடக் குள்ளம் என்பதால் வேறு வம்சம் ஆகிவிடமாட்டான். என் 37 விழுக்காட்டுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வரைகோல்: பதில் மேலே கோட்டின்மேல் இருக்கிறது, நூறு புள்ளிகளாக. எண்ணிப் பாருங்கள்.

புள்ளிமான்: கோட்டில் எண்ணியாயிற்று. செவ்வகத்தில் எண்ணிக் காட்டுங்கள்.