ஒரே அறையில் மூன்று வகுப்பு: கடன் வாங்கிக் கழித்தலை எப்படி நடத்துவது?

மலைப்பள்ளி:
ஏற்காடு பக்கம் ஈராசிரியர் பள்ளி. 3, 4, 5 மூன்றும் ஒரே அறை, 19 பிள்ளைகள். கற்றல் நிலைப்படி பிரித்தால் அரும்பு (தொடக்க நிலை) 7, மொட்டு (இடைநிலை) 8, மலர் (மேல்நிலை) 4. அரும்பில் இரண்டு பேர் எஸ்டேட் வேலைக்கு வந்த ஜார்க்கண்ட் குடும்பத்துப் பிள்ளைகள், வீட்டில் இந்தி. கழித்தல் எடுத்தால் மலர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு வம்பு பண்ணுகிறது, அரும்பு பலகைப் பக்கமே திரும்பவில்லை. காப்பிக்கொட்டை வைத்தும் ஏறவில்லை. வழி இருக்கா?

ஈர்க்குச்சி:
காப்பிக்கொட்டை எண்ணத்தான் ஆகும் சார், பத்தாகக் கட்ட முடியாதே! ஆளுக்கு 50 ஈர்க்குச்சி, 5 ரப்பர் பேண்டு கொடுங்க. 42-17 என்றால் நாலு கட்டு, இரண்டு உதிரி. ஏழு எடுக்க உதிரி போதாது. ஒரு கட்டைப் பிள்ளையே அவிழ்க்கணும், நீங்க அவிழ்த்துத் தரக் கூடாது. இப்போ மூன்று கட்டு, 12 உதிரி. ஏழு போக ஐந்து, ஒரு கட்டு போக இரண்டு. 25.

நோட்டில் 35 என்று இருக்கா பாருங்க. அது கவனக்குறைவு இல்லை. 2-இல் 7 போகாது என்று 7-இல் 2-ஐக் கழித்திருக்கும். அதற்கு இன்னும் பத்துக் கணக்கு போட்டால் தப்புதான் கைப்பழக்கமாகும். குச்சிக்கே திருப்பி அனுப்புங்க.

மலருக்குத் தலைகீழாக: விடை 25 வரணும், கட்டு அவிழ்க்கணும், அப்படி மூன்று கணக்கு நீயே எழுது. 15 நிமிடம் சத்தம் வராது, அதற்குள் அரும்போடு தரையில் உட்கார்ந்துவிடலாம்.

கரும்பலகை:
இந்திப் பிள்ளைகளுக்குக் கட்டு, உதிரி, அவிழ், எடு, மீதி என்ற ஐந்து சொல் போதும். குச்சியைக் கையில் வைத்தே சொல்லுங்க. சிக்கல் வாசிப்பில்தான். இந்தியில் நாலு எழுத்து இருக்கும் இடத்தில் நமக்கு ஒரே 'க'. கல், பக்கம், தங்கம், பகல் என்று நாலு அட்டை எழுதி ஒலியைக் கேட்க விடுங்க. தனி எழுத்தாக ஒப்பிக்க வைத்தால் 'பகல்' வரும்போது திணறும்.

பழைய ஏணி:
மலரை அரும்புக்கு வாத்தியாராக்காதீங்க, விடையைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிடும். காப்பிப் பழம் பறிக்கிற சீசனில் பிள்ளைகள் வரத்து குறையும். கணக்கு அட்டைகளுக்கு எண் போட்டு வையுங்க. திரும்பி வருகிற பிள்ளை விட்ட எண்ணிலிருந்தே எடுக்கட்டும்.

மலைப்பள்ளி:
சரி. 400-168-க்கு? பூஜ்யத்தில் எதை அவிழ்ப்பது?

ஈர்க்குச்சி:
பத்துக் கட்டை நூலால் சேர்த்துக் கட்டினால் நூறு. முதலில் நூலை அவிழ்க்கணும், பிறகுதான் ரப்பர். மொட்டு எட்டுப் பேரின் குச்சியையும் சேர்த்தால் 400 சரியாக வரும்.