பாய்மரப் படகில் ஏறியவர்கள் சொல்லுங்கள்

கடைமடைக்காரன்:
நானே தொடங்குகிறேன். பேராவூரணிப் பக்கம் எங்கள் ஊர். மேட்டூரில் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலை எட்டிப் பார்ப்பதற்குள் மேலே நடவே முடிந்திருக்கும். கடல் கூப்பிடு தூரம்தான், ஆனாலும் கல்லூரி முடிக்கும்வரை நான் படகில் கால் வைத்ததில்லை.

உடன் படித்தவன் ஒருவன் சேதுபாவாசத்திரத்துக்குப் பக்கத்து மீனவ ஊர்க்காரன். கோயில் திருவிழாவில் பாய்மரப் போட்டி, வேடிக்கை பார்க்க வா என்று அழைத்தான். போனதும் அவனுடைய பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தனை கிலோ இருப்பாய் தம்பி?" 82 என்றேன். அவர்கள் படகில் ஒருவனுக்குக் காய்ச்சலாம். அரை மணி நேரத்தில் நான் வத்தையில் இருந்தேன்.

பார்க்காதவர்களுக்காக: வத்தை என்பது பாக் நீரிணைக் கரையில் ஓடும் ஒடுக்கமான பலகைப் படகு. இங்கே கடல் ஆழமில்லை, அதனால் படகின் அடிப்பாகமும் ஆழமாக இருக்க முடியாது. பாயோ பெரிது. காற்று அழுத்தினால் சாய்ந்துவிடும். அதற்குத்தான் குறுக்குப் பலகை. காற்று வரும் பக்கமாக அதை வெளியே நீட்டி, ஆட்கள் வரிசையாக ஏறி உட்கார வேண்டும். அது போதாதென்று உள்ளே மணல் மூட்டைகள். நானும் ஒரு மணல் மூட்டைதான் என்பது போகப் போகப் புரிந்தது.

போகும்போது சோழகம், அதாவது தென்காற்று, நன்றாக வீசியது. பலகையின் நுனியில் நான். கீழே கடல் முதுகைத் தடவிக்கொண்டே வந்தது. பெரியப்பா சுக்கானைப் பிடித்தபடி பாயின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது லேசாகத் துடித்தால் போதும், "உள்ளே!" என்பார். நாலு பேரும் நகர்வார்கள், நான் மட்டும் ஒரு நொடி தாமதம். கொடி கட்டிய படகைச் சுற்றித் திரும்பியபோது நாங்கள் இரண்டாவது.

திரும்பும் வழியில் காற்று செத்துப்போனது. பாய் துவண்டு தொங்கியது. "மணலைக் கொட்டுங்கள்" என்றார் பெரியப்பா. மூட்டையின் கட்டை அவிழ்த்துச் சரித்தோம். படகு எழும்பியது, முன்னால் இருந்தவனை நெருங்கினோம், எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் கொண்டல், அதாவது கிழக்குக் காற்று, வந்தது. பக்கவாட்டில், ஒரே வீச்சாக. மூட்டையில்லாத படகு சாய்ந்தது பாருங்கள்! எல்லோரும் பலகைக்குத் தாவினோம். நான் தாவியது தண்ணீருக்குள். என்னைத் தூக்குவதற்குள் ஐந்து படகுகள் தாண்டிவிட்டன.

யாரும் திட்டவில்லை. அன்று மாலை மீன் குழம்பு பரிமாறும்போது பெரியம்மா மட்டும் "தம்பிக்கு இன்னும் ஒரு துண்டு வையுங்கள், எடை குறைந்துவிடப் போகிறது" என்றார்.

நாகை மருமகள்:
எங்கள் அண்ணன் மகள் சென்னையில் ஆப்டிமிஸ்ட் ஓட்டுகிறாள். ஏழே முக்கால் அடிப் படகு, ஒரே பாய், ஒரே பிள்ளை. 15 வயதுக்கு மேல் அந்தப் பிரிவில் ஓட்ட முடியாது. ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டுக்கு 2021-இல் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணனும் சென்னைக்காரர்தான். அவருடைய படத்தை இவள் பள்ளிப்பையில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

போட்டி பார்க்க என் மாமனாரை அழைத்துப் போனேன். நாற்பது வருடம் கடலில் இருந்தவர். ஐந்து நிமிடத்துக்கு முன்பே கொடியேற்றி ஒலியெழுப்புகிறார்கள், பிறகு நாலு, பிறகு ஒன்று. கோட்டை முந்தித் தாண்டினால் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். மாமனாருக்கு அதெல்லாம் பிடித்தது. மதிப்பெண்தான் பிடிக்கவில்லை. முதலில் வந்தால் 1, இரண்டாவது வந்தால் 2, கடைசியில் யாருக்குக் குறைவோ அவருக்கு வெற்றி. "குறைந்த மார்க் வாங்கினால் ஜெயிப்பா? அப்படியென்றால் பள்ளிக்கூடத்தில் என்னை ஏன் வெளியே அனுப்பினார்கள்?" என்றார். பக்கத்தில் இருந்த நடுவர் சிரித்துவிட்டார்.

இன்னொன்று. வலப்பக்கம் காற்று வாங்கி வரும் படகுக்கு, இடப்பக்கம் வாங்குகிறவர் வழிவிட வேண்டுமாம். இதை அவள் விளக்கியபோது மாமனார், "எங்கள் ஊரில் யாருக்குக் குரல் பெரிதோ அவருக்கு வழி" என்றார்.

அலையாத்தி:
முத்துப்பேட்டை. எங்கள் வீட்டுப் பாயை அத்தை தையல் இயந்திரத்தில் தைப்பார். பாயின் ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும்போது ஊசி உடைந்துகொண்டே இருக்கும், அந்த வாரம் யாரும் அவரிடம் பேச்சுக் கொடுக்க மாட்டோம். 2018 நவம்பர் 16, கஜா. வத்தை தென்னந்தோப்புக்குள் இரண்டாகக் கிடந்தது. பாய் மட்டும் வீட்டுப் பரணில் இருந்ததால் தப்பித்தது. நிவாரணப் பணத்தில் பைபர் படகும் இயந்திரமும் வாங்கினோம். பாயை இப்போது நெல் காயவைக்க விரிக்கிறோம். சொல்ல எனக்கு வருத்தமில்லை. டீசல் விலையைப் பார்க்கும்போது மட்டும் அத்தை அந்தப் பாயைப் பார்ப்பார்.

தண்டேல் பேரன்:
கடைமடைக்காரரே, ஒரு சந்தேகம். காற்று செத்தது என்கிறீர்கள். மாலை வேளையில் சோழகம் ஓய்ந்தால் கொண்டல் ஏறக்கூடும் என்று உங்கள் பெரியப்பாவுக்குத் தெரியாதா? எங்கள் தாத்தாவாக இருந்திருந்தால் பாதி மூட்டையையாவது வைத்திருப்பார்.

கடைமடைக்காரன்:
அதே கேள்வியை அன்று கரையில் நாலு பேர் கேட்டார்கள். "82 கிலோ இருக்கிறதே என்று நம்பிக் கொட்டிவிட்டேன்" என்று என்னைக் காட்டினார்.